தேர் இழுத்த பத்துப் பேர்

எங்கள் வீட்டுப் பரணில் வைத்த எதுவும் தொலைந்து போனதில்லை. உயிரோடு திரும்பி வந்ததும் இல்லை. 2010-ல் ஆசை ஆசையாக வாங்கிய 12 வோல்ட் கார்ட்லெஸ் ட்ரில், அங்கே பழைய கொலு பொம்மைகளுக்கு நடுவில் பல வருஷமாகத் தவமிருந்தது.

போன மாதம் ஹாலுக்குப் புது ஸ்க்ரீன் துணி வந்தது. “ராடு மாட்டணும். கார்பென்டரைக் கூப்பிடலாமாங்க?” என்றாள் மனைவி.

“வீட்ல ட்ரில் இருக்கறப்போ கார்பென்டர் எதுக்கு?” என்றேன். பின்னால் வந்த செலவு முழுவதற்கும் பிள்ளையார் சுழி அந்த ஒரு வாக்கியம்தான்.

ட்ரில்லை இறக்கி, தூசி தட்டி, விசையை அமுக்கினேன். சாய்வு நாற்காலியிலிருந்து எழப் பார்த்து, ‘சரி, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று மறுபடி சாய்ந்துவிடும் பெரியப்பா மாதிரி, ஒரு முனகலுடன் அரைச் சுற்று சுற்றி நின்றது. சார்ஜரில் செருகினேன். ஏழே நிமிஷத்தில் பச்சை விளக்கு. இத்தனை வருஷப் பட்டினியை ஏழு நிமிஷத்தில் தீர்த்துவிட்டதே என்று சார்ஜரை மெச்சிக்கொண்டு மறுபடி அமுக்கினேன். இந்த முறை கால் சுற்று.

கடைக்காரர் பேட்டரியைக் கையில்கூட வாங்கவில்லை. “இந்த மாடல் நின்னு போச்சு சார். புது ட்ரில்லே 2,400 ரூபாதான், லித்தியம் பேட்டரியோட.” ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி ட்ரில்லில் பொருந்தாது என்பது நியாயம். அதே கம்பெனியின் புது பேட்டரி அதே கம்பெனியின் பழைய ட்ரில்லிலும் பொருந்தாதாம். சொந்த அத்தை வீட்டிலேயே சம்பந்தம் கிடையாது என்றால் வெளியில் யாரைப் போய்க் கேட்பது?

புதிது வாங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ட்ரில் நன்றாக இருக்கிறது, மோட்டார் நன்றாக இருக்கிறது. பேட்டரி செத்ததற்காக ட்ரில்லைத் தூக்கி எறிவது, பல்லு போனதற்காகத் தாத்தாவை வெளியே அனுப்புகிற மாதிரி என்று எனக்குப் பட்டது. மனைவியிடம் சொன்னேன். “தாத்தாவுக்கு மாசம் எவ்வளவு மருந்துச் செலவு ஆகுதுன்னு உங்கப்பாவைக் கேளுங்க” என்றாள்.

பேட்டரிப் பெட்டியைத் திறக்க உட்கார்ந்தேன். நாலு ஸ்க்ரூ, நாலும் நட்சத்திரத் தலை. அதற்கான ஸ்க்ரூடிரைவர் செட் 280 ரூபாய். மூன்றைக் கழற்றியும் திறக்கவில்லை. நாலாவது ஸ்க்ரூ, ‘திறக்காதீர்கள்’ என்று எழுதிய ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருந்தது.

உள்ளே கட்டை குட்டையாகப் பத்து செல்கள். நிக்கல் காட்மியம் ரகம். ஸ்வீடனைச் சேர்ந்த வால்டெமர் யுங்னர் 1899-ல் கண்டுபிடித்தது. ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், பத்தும் வரிசையாகக் கைகோத்தால் 12. மல்டிமீட்டர் ஒன்று 450 ரூபாய்க்கு வாங்கி நாடி பார்த்தேன். ஏழு செல்கள் திடகாத்திரம். இரண்டு அரை வோல்ட்டில் ஊசலாடின. ஒன்று சுத்தமாகப் பூஜ்யம். அதன் விளிம்பில் விபூதி பூசினாற்போல் வெள்ளையாகக் கசிவு.

பத்துப் பேர் தேர் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் அசந்து உட்கார்ந்துவிட்டால், மற்ற ஒன்பது பேர் தேரோடு அவனையும் சேர்த்து இழுக்க வேண்டும். இழுக்கிற இழுப்பில் அவன் தலைகீழாகப் புரண்டு விடுகிறான். உவமைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அந்த செல்லின் பிளஸ், மைனஸாக மாறிவிடும். அதோடு அது சரி. சார்ஜர் ஏழு நிமிஷத்தில் பச்சை காட்டிய மர்மமும் விளங்கியது. நிரம்ப இடமே இல்லாத வயிற்றுக்கு ஏப்பம் சீக்கிரம் வரும்.

செய்தி பரவியதும் வைத்தியர்கள் கிளம்பினார்கள். “ஃப்ரீசர்ல ஒரு ராத்திரி வைங்க, எழுந்து உக்காரும்” என்றார் ஆபீஸ் நண்பர். வைத்தேன். காலையில் இட்லி மாவு எடுக்கப் போன மனைவி எழுப்பிய சத்தத்தில் எழுந்து உட்கார்ந்தது நான்தான். மாடி வீட்டு மாமா, “கார் பேட்டரியிலேர்ந்து ஒயர் எடுத்து ஒரே ஒரு ஷாக் கொடுங்கோ” என்றார். செல்லுக்குள் வளர்ந்து ஷார்ட் ஆக்கும் மெல்லிய உலோக இழைகள் அதில் எரிந்து போவதுண்டு. கூடவே செல் வெடிப்பதும் உண்டு. மாமாவுக்கு நன்றி சொல்லிவிட்டு ரிச்சி தெருவுக்கு ஆட்டோ பிடித்தேன்.

மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், உலகத்தில் செத்த எல்லா மின்சாதனத்துக்கும் அங்கே ஒரு சித்தப்பா உண்டு. பேட்டரி கட்டும் பாய் என் பெட்டியைப் பார்த்து, “நிக்கல் எதுக்கு சார், லித்தியமா போட்டுடலாம்” என்றார். பத்து செல் செய்த வேலையை மூன்று செல் செய்யுமாம். ஒவ்வொன்றும் 3.7 வோல்ட், முழுக்க நிரம்பினால் மூன்றும் சேர்ந்து 12.6.

பக்கத்துக் கடையில் கொள்ளளவு ‘9900’ என்று பெரிதாக அச்சடித்த செல் மலிவாக இருந்தது. அதைக் காட்டினேன். பாய் சிரித்தார். “இந்த சைஸ்ல 3500 வந்தாலே பெரிய விஷயம் சார். மேல எழுதுறதுக்கு என்ன, காசா பணமா? டார்ச்சுக்கு ஓடும், ட்ரில்லுக்கு ஓடாது.” ட்ரில் கிளம்பும் நொடியில் ஒரே மடக்காகக் கரன்ட்டை உறிஞ்சும், அதைத் தாங்கும் செல் வேறு ஜாதி. “நானே வீட்ல சால்டர் பண்ணிடட்டுமா?” என்று கேட்டதற்கு மட்டும் கோபம் வந்தது. “செல்லு மேல சூடு காட்டினா உள்ள வெந்துடும்.” நிக்கல் பட்டையை வைத்து ‘டிக், டிக்’ என்று ஸ்பாட் வெல்டிங் அடித்தார். எந்த செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டாமலும், அடிமட்டத்துக்கு வறண்டு போகாமலும் பார்த்துக்கொள்ள பி.எம்.எஸ். என்று ஒரு சின்ன போர்டு, ஹாஸ்டல் வார்டன் மாதிரி. “பழைய சார்ஜரைத் தப்பித் தவறிக்கூடச் செருகிடாதீங்க, தீப்பிடிக்கும்” என்று புது சார்ஜரும் கொடுத்தார். மூன்று செல் 900, போர்டு 150, கூலி 300, சார்ஜர் 350.

பத்துப் பேர் குடியிருந்த வீட்டில் மூன்று பேர். பெட்டிக்குள் மிச்ச இடத்தில் ஸ்பாஞ்சு. வீட்டுக்கு வந்து மேஜையில் நிறுத்தினேன். தொப்பென்று மூக்குக் குப்புற விழுந்தது. இத்தனை நாள் ட்ரில் நிமிர்ந்து நின்றது அடியிலிருந்த பத்து செல்லின் கனத்தால்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் சுற்றியது! ‘விர்ர்’ என்று, வாலிபத்தில்கூட அப்படிச் சுற்றியதில்லை. ஸ்டூல் மேல் ஏறி, ஜன்னலுக்கு மேலே வைத்து அமுக்கினேன். சுவரில் பொட்டு வைத்த அளவுக்கு ஒரு குழி விழுந்தது. அதற்கு மேல் இம்மி நகரவில்லை. ஜன்னலுக்கு மேலே இருப்பது கான்கிரீட் லின்டல். என்னுடையது ஹாமர் இல்லாத ட்ரில். மரத்துக்கும் ஸ்க்ரூவுக்கும் ஆனது. பேட்டரி புதிதாக இருந்தபோதும் அதனால் இது முடிந்திருக்காது.

1971-ல் அப்போலோ 15-ல் போன டேவிட் ஸ்காட்டுக்கு நிலாவிலேயே பேட்டரி ட்ரில் மக்கர் செய்தது. நினைத்த ஆழத்துக்கு இறங்கவில்லை, இறங்கின குழாயைப் பிடுங்க இரண்டு பேர் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்று மனைவிக்கு எடுத்துச் சொன்னேன். “அவங்க வீட்ல கார்பென்டர் நம்பர் இருந்திருக்காது” என்று போனை எடுத்தாள். வந்தவர் ஒயர் வைத்த ஹாமர் ட்ரில்லைச் சொருகி, நாலு ஓட்டையை நாலு நிமிஷத்தில் போட்டுவிட்டு, காபியும் குடித்துவிட்டுப் போனார்.

ராத்திரி மனைவி கணக்கு எழுதினாள். ஆட்டோ 520 சேர்த்து மொத்தம் 2,950. புது ட்ரில்லைவிட 550 ரூபாய் அதிகம். “இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு பேட்டரி ஆராய்ச்சி?” என்றாள். லித்தியம் பேட்டரிக்காக ஜான் குட்இனஃப் 2019-ல் நோபல் பரிசு வாங்கியபோது அவருக்கு வயது 97 என்றேன். “அவருக்குப் பரிசு கொடுத்தாங்க, நீங்க கொடுத்துட்டு வந்திருக்கீங்க” என்றாள்.

கழற்றிய பத்து செல்களை மட்டும் குப்பையில் போட விடவில்லை. காட்மியம் விஷம், மண்ணில் இறங்கினால் போகாது. தனியாகக் கட்டி, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மற்றபடி, 550 ரூபாய்க்கு ஒரு பேட்டரி எப்படி வாழ்கிறது, எப்படிச் சாகிறது என்று கற்றுக்கொண்டேன். பிளஸ் டூவில் இதே பாடத்துக்கு அப்பா கட்டிய டியூஷன் ஃபீஸ் இதைவிட அதிகம். அப்போது ஒன்றும் புரியவில்லை. ட்ரில் இப்போது பரணில் இல்லை, முழு சார்ஜோடு ஷோகேஸில் படுத்திருக்கிறது. எங்கள் வீட்டில் இறுக்க வேண்டிய ஸ்க்ரூக்கள் தீர்ந்துவிட்டன. உங்கள் வீட்டில் ஏதாவது ஆடிக்கொண்டிருந்தால் சொல்லி அனுப்புங்கள். காபி மட்டும் போதும்.