கோட் போட்ட கடல்கட்டி

தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஆபீஸ். பெயர் எதற்கு, எந்தப் பெயரை எழுதினாலும் பொருந்தும். ராத்திரி பதினொரு மணிக்கு மேனேஜரின் குரல் வாட்ஸ்அப்பில் வந்து விழும்: "காலைல ஆறு மணி கட்-ஆஃப். ஷிப்பிங் பில் முடியலைன்னா நாளைக்கு நீ வராத." அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு சளி, வாயெல்லாம் புண். லீவு கூடிப்போச்சே என்று பதறிய நிர்வாகம் கோட் போட்ட பயிற்சியாளர் ஒருவரைக் கூட்டி வந்தது. தலைப்பு, "உணர்ச்சியை ஆள்வோம், நோயை வெல்வோம்." மூச்சை இழுங்கள், நாலு எண்ணுங்கள், விடுங்கள். மேனேஜர் திட்டினால் அவருக்குள் அழும் குழந்தையைப் பாருங்கள்.

முத்துக்குளித்த காலத்தில் இந்தக் கரையில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் வேலை, அதற்குக் கூலியும் உண்டு. மந்திரம் பலித்ததோ இல்லையோ, கடிப்பது யார் என்பதில் அந்த மனிதருக்குக் குழப்பமே இல்லை. நம் கோட்டுக்காரர் குளிக்கிறவன் வாயை அல்லவா கட்டிவிட்டுப் போகிறார்!

பேச்சுக்கு அறிவியலையும் துணைக்கு இழுத்தார். இழுக்கட்டும். அழுத்தம் நாள்பட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தடுமாறும் என்பது மெய்தான். 1998-ல் அமெரிக்காவின் ஷெல்டன் கோஹன் குழு 276 பேரின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டு விட்டுப் பார்த்தது. சில நாள் தொல்லையால் பெரிய கெடுதல் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த தொல்லை உள்ளவர்களைத்தான் சளி அதிகம் பிடித்தது. அதிலும் முக்கியமாக வேலையில்லாமை, அரைகுறை வேலை, வேண்டியவர்களோடு தீராத பிணக்கு. வேலை போவதே இப்படி என்றால், போகும் போகும் என்று தினம் ராத்திரி மிரட்டுவதை என்னவென்பது? மூச்சை எண்ணினால் படபடப்பு கொஞ்சம் அடங்கும், மறுக்கவில்லை. ஆனால் கோபத்தை அடக்கும் வித்தை முதலில் யாருக்கு வேண்டும்? அந்த மகராசன் குத்துவிளக்கு ஏற்றி, சால்வை வாங்கிக்கொண்டு, ஏசி காரில் கிளம்பிவிட்டார்.

1908-ல் இதே ஊரில் கோரல் மில் தொழிலாளர்கள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்நிற்க, வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வாங்கினார்கள். அவர்களுக்கு யாரும் மூச்சு எண்ணச் சொல்லித் தரவில்லை. அப்படி வாங்கிய ஞாயிற்றுக்கிழமையில்தான் இந்த வகுப்பே நடந்தது. மாற்று விடுப்பு கிடையாது.

முடிவில் ஒரு படிவம். 'உங்கள் மன அழுத்தம் எவ்வளவு குறைந்தது? பத்துக்கு மதிப்பெண் தருக.' பெயரும் ஊழியர் எண்ணும் கட்டாயம். அத்தனை பேரும் பத்துக்குப் பத்து போட்டுக் கொடுத்தார்கள், இருமிக்கொண்டே.