மேற்படி சுவர்: ஒரு தீர்மானப் பதிவேட்டின் பாடவேறுபாடுகள்

உ.வே. சாமிநாதையர் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தார். எனக்கு அந்த அலைச்சல் வாய்க்கவில்லை. நான் ஆராயும் சுவடி, எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் அறையில், பீரோவின் மேல்தட்டில், முட்டைக் கணக்கு நோட்டுக்கும் அச்சு முறிந்த உலக உருண்டைக்கும் நடுவில் கிடந்தது. பெயர்: பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானப் பதிவேடு. நீள நோட்டு, காலிக்கோ அட்டை, ஓரங்களில் செல்லரிப்பு. குழுவில் கொஞ்ச காலம் உறுப்பினராக இருந்தவன் என்ற உரிமையில் எடுத்துப் புரட்டினேன். புதிய கல்வியாண்டுக்குத் திட்டமிடும் கூட்டத்துக்கு ஆண்டுக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கங்களே இந்த ஆய்வின் எல்லை.

நூல் தோன்றிய வரலாற்றைப் பாயிரத்தில் சொல்வது மரபு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. பள்ளிக்கு ஒரு குழு வேண்டும், அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்கிறது 21ஆம் பிரிவு. அக்குழு வளர்ச்சித் திட்டம் தீட்ட வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுகொண்டது. குழு நிற்காமல் உயர்நிலைப் பள்ளிக்கும் ஏறி வந்தது. தமிழ்நாட்டில் 2022இல் இருபது பேர். 2024இல் முன்னாள் மாணவரையும் சேர்த்து இருபத்துநான்கு பேர். தலைவர், மாணவர் ஒருவரின் தாய்.

இனி இந்நூலின் திணை. அழைப்பில் குறித்த நேரம் பகல் ஒன்றரை. அது நண்பகல், பாலைக்குரியது. கூட்டம் தொடங்கியது மூன்றேகாலுக்கு. அது எற்பாடு, நெய்தலுக்குரியது. போதுமான ஆள் சேர்ந்து கையெழுத்து வாங்கி முடிக்கையில் மாலை, முல்லைக்குரியது. (போதுமான ஆள் சேர்வதை எங்கள் தலைமை ஆசிரியர் 'கோரம்' என்பார். ஆங்கிலச் சொல்தான். ஆனால் ஐந்து பேரோடு அவர் வாசலைப் பார்த்து நிற்பதைக் கண்டவர்களுக்கு வடசொல் என்றே தோன்றும்.) பெரும்பொழுது மட்டும் வேனில். 2023இல் வெயிலுக்கு அஞ்சிப் பள்ளித் திறப்பையே தள்ளித் தள்ளி, ஆறாம் வகுப்பு முதலானவர்களுக்கு ஜூன் 12 ஆக்கியதை நினைவுகொள்க.

கருப்பொருள்: மரம் வேம்பு. பறை, கயிற்றில் தொங்கும் தண்டவாளத் துண்டு. உணவு மிக்சர். தெய்வத்தின் இடத்தில் காமராசர் படம். விலங்கு ஆடு. இந்த ஆடு எப்படி வந்தது என்பதே நூலின் மையப் பொருள் என்பதால் பிறகு விரித்துரைப்பேன். உரிப்பொருள் இருத்தலும் இருத்தல் நிமித்தமும். ஆள் வரக் காத்திருத்தல், ஆணை வரக் காத்திருத்தல், நிதி வரக் காத்திருத்தல். ஆகவே திணை முல்லை. வேனில் இங்கே நுழைந்தது திணைமயக்கம். இலக்கணத்தில் அதற்கு அனுமதி உண்டு.

ஆட்டுக்கு வருவோம். பள்ளிக்கு மூன்று புறம் சுவர் உண்டு. நான்காம் புறம் தீர்மானம் உண்டு. நான் பார்த்தவற்றுள் பழைய பக்கத்தில் பாடம் இது: "சுற்றுச்சுவர் கட்டித் தருமாறு அரசைக் கேட்டுக்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது." தெளிந்த நடை, எழுதியவருக்கு நம்பிக்கை இருந்திருக்கிறது. அடுத்த ஆண்டில் 'மீண்டும்' என்ற சொல் கூடுகிறது. மூன்றாம் ஆண்டில் 'ஏற்கெனவே கேட்டுக்கொண்டபடி' என்று குரல் சற்றே உயர்கிறது. நான்காம் ஆண்டில் 'மேற்படி சுவர்' என்ற அரிய பாடம் கிடைக்கிறது. கட்டப்படாத ஒன்றை 'மேற்படி' என்று சுட்டும் துணிவு வேறெந்த இலக்கியத்திலும் என் கண்ணில் பட்டதில்லை. ஐந்தாம் ஆண்டில் 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று மட்டும் இருக்கிறது. ஆக, எழும்புமுன்பே சுவர் சொல்லிலிருந்து இடிந்துவிட்டது.

இரண்டாம் ஆண்டுப் பக்கத்தில் 'சுற்றுசுவர்' என்று ஒற்று விழுந்த பாடம் ஒன்று. தமிழாசிரியை அன்று விடுப்பு. இந்தச் சந்திப் பிழைதான் ஆடு நுழையும் சந்து என்று ஒரு சாரார் கருதுவர். மறுப்பதற்குச் சான்று இல்லை.

அடுத்து 'ஏகமனதாக'. எல்லாத் தீர்மானங்களும் இந்தச் சொல்லோடுதான் நிறைவேறுகின்றன. கையெழுத்துகள் இருபத்துநான்கு. கூட்டத்தில் நான் எண்ணிய தலைகள் ஒன்பது. தின்றுதீர்ந்த மிக்சர் காகிதங்களும் ஒன்பது என்பதால் இக்கணக்கு உறுதியானது. மீதிப் பதினைந்தும் எப்படி வந்தன? ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பதிவேட்டைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, நூறு நாள் வேலை நடந்த ஏரிக்கரைக்கும் அங்கிருந்து ரேஷன் கடை வரிசைக்கும் போனான். அரங்கேற்றத்துக்குப் புலவர்களைத் தேடிச் சுவடி தானே நடந்துபோன நிகழ்ச்சி இதற்கு முன் இல்லை. கையெழுத்திட்ட ஒருவர் அன்று திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார் என்பது ஊரறிந்த செய்தி. ஓரிடத்தில் இருந்தபடி இன்னோரிடத்தில் தோன்றுவதற்குச் சித்தர் மரபில் விளக்கம் உண்டு. நான் அதற்குள் போகவில்லை.

சேர்க்கைப் பேரணி, பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்பு, குடிநீர்த் தொட்டி கழுவுதல் ஆகியவை ஆண்டுதோறும் எழுத்து மாறாமல் வருகின்றன. உரை வேண்டாதவை. தற்காலிக ஆசிரியரைக் குழுவே நியமிக்கலாம் என்று 2022இல் ஆணை வந்ததும் நூலில் சிறு பரபரப்பு. பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் என்று தொடங்கிப் பிறகு 15,000 ஆனது. கணக்கு வாத்தியார் வேலைக்கு யாருடைய அண்ணன் மகள் என்று இரண்டு மணி நேரம் நடந்த வாக்குவாதம், 'தகுதியானவர் தேர்வு செய்யப்பட்டார்' என்ற மூன்று சொற்களில் அடங்கிக் கிடக்கிறது. சுருங்கச் சொல்லலுக்கு நன்னூலார் இதை எடுத்துக்காட்டியிருப்பார்.

இறுதியாக ஒரு சிக்கலான பாடம். அது எழுதப்பட்ட கூட்டத்தில் நானும் இருந்தேன். சுவர்த் தீர்மானம் வாசித்து முடிந்ததும் தலைவர் எழுந்தார்.

"சார், சுவரு வரப்ப வரட்டும். பொம்பளப் புள்ளைங்க கக்கூசுக்குத் தாப்பா இல்ல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவப் புடிச்சிக்கிட்டு நிக்கிது."

"எழுதிக்கலாம்மா, உக்காருங்க."

எழுதினார்கள். பதிவேட்டுப் பாடம்: "மாணவியர் சுகாதார வசதிகளை மேம்படுத்துவது குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது." மூலத்துக்கும் படிக்கும் இவ்வளவு தூரம் உள்ள இடம் இந்த நூலில் வேறில்லை. 'தாப்பா' என்பது தாழ்ப்பாளின் மரூஉ. அதன் பகுதியாகிய 'தாழ்' திருக்குறளிலேயே ஆளப்பட்ட சொல். மரூஉவை இலக்கணமும் இயல்பு வழக்காக ஏற்கிறது. பதிவேடு ஏற்கவில்லை. அந்தச் சொல் இந்நூலில் ஓரிடத்திலும் வரவில்லை என்று எழுதி முடிக்க இருந்தேன்.

அதே பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் இடையில் ஒரு துண்டுச்சீட்டு அகப்பட்டது. ஹார்டுவேர்ஸ் கடை பில். முந்தானையில் முடிந்து வைத்ததுபோல் கசங்கியிருந்தது. 'தாப்பா 1, ஸ்குரூ 6, ஆக ரூ. 95' என்று பால்பாயிண்ட் எழுத்து. வாங்கியவர் பெயர் இல்லை. தீர்மான எண் இல்லை. ஏகமனதாக என்ற சொல்லும் இல்லை. தாள் வேறு, மை வேறு, நடை வேறு. எனவே இடைச்செருகல் என்று முடிவுசெய்து, மூலபாடத்தில் சேர்க்காமல் விட்டிருக்கிறேன்.