பாடமா, பொழுதுபோக்கா?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பத்திரிகை நடத்துவது, மேடையில் பேசுவது, கதை எழுதுவதெல்லாம்கூட ஆங்கிலத்துறையின் விருப்பப் பாடங்களாமே! மார்க் தேற்றச் சுலபமான வழியோ?

சுலபமான பாடம் உச்ச நீதிமன்றம் வரை போகுமா?

மிசௌரி மாநிலத்து ஹேசல்வுட் ஈஸ்ட் பள்ளியில் 'ஜர்னலிசம் 2' வகுப்பு மாணவர்கள் 'ஸ்பெக்ட்ரம்' என்ற பத்திரிகை நடத்தினார்கள். 1983-இல் பள்ளி முதல்வர் அதில் இரண்டு பக்கங்களை நீக்கிவிட்டார். அவருக்கு உறுத்திய கட்டுரைகளில் ஒன்று மாணவிகளின் கர்ப்பம் பற்றியது, மற்றொன்று பெற்றோரின் விவாகரத்து பற்றியது. மாணவர்கள் மூவர் வழக்குப் போட்டார்கள். 1988-இல் 5-க்கு 3 என்ற கணக்கில் பள்ளிதான் ஜெயித்தது.

என் ஓட்டு அந்த மூன்று நீதிபதிகள் பக்கம். செய்தி எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு, எழுதிய பக்கத்தைப் பிடுங்கலாமா? கலிபோர்னியா 1977-லேயே மாணவர் பத்திரிகைக்குச் சட்டப் பாதுகாப்பு தந்திருந்தது. தீர்ப்புக்குப் பிறகு வேறு பல மாநிலங்களும் அந்த வழிக்கு வந்தன.

சரி, மேடைப்பேச்சு சோறு போடுமா?

காலேஜ் ஃபீஸே கட்டியிருக்கிறது! நாஷ்வில் நகரத்துப் பள்ளி மாணவி ஒருவர் பேச்சுப் போட்டியில் ஜெயித்து, டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்க உதவித்தொகை பெற்றார். பெயர், ஓப்ரா வின்ஃப்ரே.

கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை பேச்சு வகுப்பில் என்ன செய்யும்?

நீச்சல் தெரியாத பிள்ளைக்குத்தானே நீச்சல் வகுப்பு? தைரியமாகச் சேர்த்துவிடுங்கள். முதல் மாதம் வாயே திறக்காவிட்டாலும் பரவாயில்லை. அதுவரை மற்றவர் பேசுவதைக் கேட்கட்டும். கேட்பதும் அந்த வகுப்பின் பாடம்தான்.