நாலுக்கு நாலு: ஒரு சித்திரைப் புராணம்

கி.பி. 2008, சித்திரை மாதம். அப்போதெல்லாம் சென்னையை அடுத்த பொத்தேரியில் ஜி.எஸ்.டி. என்றால் ரோடு மட்டும்தான், வரி கிடையாது. அந்த ரோட்டோரத்து டீக்கடைகளில், செமஸ்டருக்குப் படிக்க வேண்டிய எஸ்.ஆர்.எம். மாணவர்கள், சென்னை சூப்பர் கிங்ஸ் என்ற புத்தம்புது ஐ.பி.எல். அரசுக்கு முடிசூட்டிக்கொண்டிருந்தார்கள். போர் இன்னும் முக்கால்வாசி பாக்கி இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் டீக்கு அவனே காசு கொடுத்திருக்க வேண்டும்.

வீரர்களைப் பிடித்தே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பிப்ரவரி 20 அன்று மும்பையில் ஏலம். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அந்த நாகரிகம்கூட இல்லாமல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி விலை சொன்னார்கள். ராஞ்சிக்காரர் தோனிக்கு 15 லட்சம் டாலர், அதாவது சுமார் 6 கோடி ரூபாய். அன்றைய உச்ச விலை அதுதான். ‘ஒரு ஆளுக்கு ஆறு கோடியா?’ என்று பிப்ரவரியில் வாயைப் பிளந்த கடைகள், ஏப்ரலில் ‘சல்லிசா முடிச்சுட்டாங்கப்பா’ என்றன.

சும்மா சொல்லக்கூடாது, ஆட்டம் அப்படி. ஏப்ரல் 19, மொஹாலியில் நம் முதல் போட்டி. மைக் ஹஸ்ஸி 54 பந்தில் 116 அடித்து அவுட்டாகாமல் நின்றார். அணிக்கு 240. பஞ்சாபும் லேசில் விடவில்லை, 207 வரை வந்துதான் படுத்தது. 23ஆம் தேதி சேப்பாக்கத்தில் மும்பை. ஹேடன் 81 அடித்தும் ஆறே ரன்னில்தான் தப்பித்தோம். ஆறு ரன் என்பதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை, வெற்றி வெற்றிதானே. பிறகு கொல்கத்தா, பெங்களூர். நாலுக்கு நாலு!

உடனே கணக்குப் போடும் படலம் தொடங்கியது. எம்-2 கணக்கு அரியரை மூன்று செமஸ்டராகச் சுமந்துகொண்டிருந்தவன்கூடப் புள்ளிப்பட்டியலில் ராமானுஜனாக மாறினான். “மச்சான், லீக்ல பதினாலு மேட்ச். மேட்ச்சுக்கு ரெண்டு பாயின்ட். எட்டு வந்தாச்சு, மீதி இருபது எங்க போயிடும்?” நியாயமான கேள்வி. அது போன இடத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கணக்கில் ராஜஸ்தானுக்கு இடமே இல்லை. எட்டு அணிகளில் மலிவாக விலைபோனது அது. தலைவர் ஷேன் வார்ன். 38 வயது, சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முதல் போட்டியிலேயே டெல்லியிடம் ஒன்பது விக்கெட்டில் உதை. டீ மாஸ்டரே பரிதாபப்பட்டு, “பாவம் தம்பி, அவங்களும் ஒண்ணு ரெண்டு ஜெயிக்கட்டும்” என்றிருப்பார்.

நாலு வெற்றியையும் வாங்கித் தந்த கைகளில் முக்கியமான சில ரிட்டர்ன் டிக்கெட்டோடு வந்தவை என்பதுதான் கதையின் முடிச்சு. இது ரகசியமே இல்லை. பேப்பரில் வந்த செய்தி. ஆனால் ஜெயிக்கிற வாரத்தில் எந்த ரசிகன் கடைசிப் பத்தியைப் படிக்கிறான்? ஆஸ்திரேலியா மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது, ஹஸ்ஸியும் ஹேடனும் போனார்கள். நியூசிலாந்து இங்கிலாந்துக்குக் கிளம்பியது, ஜேக்கப் ஓரம் போனார். இதில் கொடுமை, குதிகால் காயத்தால் ஹேடன் மேற்கிந்தியத் தீவுகளில் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. நமக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை.

அடுத்து டெல்லி, ராஜஸ்தான், டெக்கான் என வரிசையாக மூன்று தோல்வி. அதில் ஜெய்ப்பூர் படலம் தனிச்சிறப்பு. பாகிஸ்தானின் சொகைல் தன்வீர் 14 ரன் கொடுத்து ஆறு பேரைத் தூக்கினார். நாம் 109க்குச் சுருண்டோம். ஐ.பி.எல்.லில் அந்தப் பந்துவீச்சுச் சாதனையை முறியடிக்க 2019 வரை ஆள் வரவில்லை.

ரசிகன் ஓய்ந்தானா? மே 10 அன்று நம் பந்துவீச்சாளர் பாலாஜி ஹாட்ரிக் எடுத்தார், ஐ.பி.எல். வரலாற்றில் முதலாவது. மூடிய கணக்கு நோட்டு மறுபடி திறந்தது. ஒருவழியாக 16 புள்ளியோடு மூன்றாமிடம். மீதி இருபதில் பன்னிரண்டு எங்கெங்கோ போய், எட்டு மட்டும் வீடு வந்து சேர்ந்திருந்தது.

அரையிறுதியில் பஞ்சாபை நசுக்கிவிட்டு ஜூன் 1, நவி மும்பையில் இறுதிப் போட்டி. எதிரே யார் என்கிறீர்கள்? ‘பாவம் தம்பி’ ராஜஸ்தான். நாம் 163. கடைசி ஓவரில் அவர்களுக்கு எட்டு ரன் வேண்டும். பந்து அதே பாலாஜி கையில். கடைசிப் பந்தில் ஒரு ரன். அடித்தவர் அதே தன்வீர்.

இதிலிருந்து பொத்தேரி எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது என் தீர்ப்பு. கற்றிருந்தால் ரசிகனே இல்லை. சென்னை தூக்கிய ஐந்து கோப்பைகளில் மூன்று (2010, 2021, 2023) முதல் போட்டியில் தோற்ற வருடங்களில் வந்தவை. மும்பையை வென்று தொடங்கிய 2020இல் ஏழாமிடம். 2025 மார்ச் 23 அன்று மறுபடி மும்பையை வென்று தொடங்கினோம், மறுபடி கணக்குப் போட்டார்கள். அந்த வருடம் பத்து அணிகளில் சென்னைக்குப் பத்தாமிடம்.