ஷிப்ட் இன்சார்ஜ் ஐயாவுக்குப் பாராட்டு

ரேணிகுண்டாவில் விமான நிலையத்தை ஒட்டி எழுந்த மின்னணு ஆலைகளில் ஷிப்ட் நடத்தும் இன்சார்ஜ் ஐயாவே, உங்கள் பெருமையை இத்தனை நாள் யாரும் பாடாதது எங்கள் குறைதான்.

முதலில் உங்கள் நினைவாற்றல். புத்தூரிலிருந்தும் நகரியிலிருந்தும் ரயிலேறி வரும் பெண் என்றைக்கு ஐந்து நிமிடம் தாமதமானாள் என்பது உங்களுக்கு மனப்பாடம். அவள் நேரத்துக்கு வந்த மற்ற நாள்களையெல்லாம் சுமந்து நீங்கள் களைப்பதில்லை.

உங்களுக்கு ஒளிவுமறைவே கிடையாது. ஒருத்தியிடம் சொல்ல வேண்டிய தவறை லைன் முழுக்கக் கேட்கும்படி சொல்கிறீர்கள். அவள் வீடு போய்ச் சேர்ந்த பின்பும் வாட்ஸாப் குழுவில் அதை நினைவூட்டுகிறீர்கள். மறுநாள் பக்கத்தில் நிற்பவள்கூட அவளிடம் வாய் திறப்பதில்லை. வேலை நேரத்தில் அரட்டையை ஒழித்த சாதனை உங்களுடையது.

கிருமியும் காயமும் இல்லாமலே ஆளைப் படுக்க வைக்கும் வல்லமை வேறு யாருக்கு வரும்? இரவில் தூக்கம் போகிறது. ஷிப்ட் நெருங்க நெருங்க நெஞ்சு படபடக்கிறது, வயிறு கலங்குகிறது. லீவு லெட்டரில் அவள் 'காய்ச்சல்' என்று எழுதுகிறாள். நோயின் இடத்தில் உங்கள் பெயரை எழுத வழியில்லாததால் உங்களுக்குச் சேர வேண்டிய புகழ் காய்ச்சலுக்குப் போகிறது.

உங்கள் ஈகையோ பெரிது. இஎஸ்ஐ நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 சதவீதம். அந்த ஓய்வுக்கு ஆள்களைத் தாராளமாக அனுப்புகிறீர்கள். மீதி 30 சதவீதம் அவள் வீட்டு அடுப்பிலிருந்து போகிறது. மனச்சோர்வும் பதற்றமும் உலகில் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாள்களை விழுங்குவதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் கணக்குச் சொன்னது. அதில் ரேணிகுண்டாவின் பங்கைக் குறையவிடாமல் காக்கிறீர்கள்.

லண்டனில் 1985இல் தொடங்கிய இரண்டாம் ஒயிட்ஹால் ஆய்வு 10,308 அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தது. வேலையிடத்தில் ஆதரவு குறைந்தவர்களிடையே நோய்விடுப்பு கூடியிருந்தது. உங்களைப் பாராமலே உங்கள் ஆற்றலை அங்கே அளந்துவிட்டார்கள்.

மேலாளர்களுக்கு மனநலப் பயிற்சி வேண்டும் என்றும் அதே 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தவறைத் தனியே அழைத்துச் சொல்வது, நல்ல வேலையை நாலு பேர் முன்னால் சொல்வது, லீவு முடிந்து வந்தவளிடம் "உடம்பு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பது: எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காத இந்த மருந்து உங்கள் நாவில் இருக்கிறது. ஒரு சொல்லும் வீணாக்காமல் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். அந்தச் சிக்கனத்தை மட்டும் இன்றைய ஷிப்டிலிருந்து விட்டுவிடுங்கள், ஐயா.