மூட்டையும் சராசரியும்

கேள்வி: ஏக்கருக்கு 40 மூட்டை நெல் எடுக்கும் தஞ்சாவூர் விவசாயி, இந்தியச் சராசரிக்கு மேலா, கீழா?

பதில்: மேலேதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்கச் சில வரப்புகளைத் தாண்ட வேண்டும். முதல் வரப்பு மூட்டை. அதன் எடை ஊருக்கு ஊர் மாறும். 60 கிலோ என்று கொண்டால் ஏக்கருக்கு 2,400 கிலோ நெல். அடுத்தது நிலஅளவு. விவசாயி ஏக்கரில் உழுகிறார், அரசு ஹெக்டேரில் எழுதுகிறது. ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர் என்பதால் கணக்கு 5,900 கிலோவைத் தாண்டும். பெருமைப்படுவதற்குள் உமி குறுக்கே வரும். தேசியப் புள்ளிவிவரம் சொல்வது நெல்லை அல்ல, அரிசியை. மூன்றில் இரண்டு பங்குதான் அரிசி என்பதால் மிஞ்சுவது ஏறக்குறைய 3,950 கிலோ. 2021-22இல் இந்தியச் சராசரி சுமார் 2,800 கிலோ.

வெற்றிதான், ஆனால் எதிராளி யார்? அந்தச் சராசரியில் பஞ்சாபின் பாசன வயலும் உண்டு, ஜார்க்கண்டின் வானம் பார்த்த மேட்டு நிலமும் உண்டு. மழையை நம்பிய நிலத்தை ஆற்றுப்பாசனம் வெல்வது சாதனையாகாது. மேற்கு கோதாவரி, லூதியானா போன்ற பாசன மாவட்டங்களோடு, அதே பருவத்தில், பல ஆண்டு விளைச்சலை ஒப்பிடுவதே நியாயமான போட்டி.