ஒரே கல், இரண்டு மாங்காய்

கேள்வி: அமெரிக்காவில் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே கல்லூரிப் பொறியியல் பாடத்தையும் முடித்துவிடுகிறார்களாமே! இலங்கையில் உண்டா?
– வாசகர், கலேவெல

பதில்: அங்கே அது பழைய கதை. நியூயோர்க்கின் லகார்டியா சமுதாயக் கல்லூரி 1974இலேயே தன் வளாகத்துக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளியைச் சேர்த்துக்கொண்டது.

இலங்கையில் 2013இல் உயர்தரத்துக்குத் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. பொறியியல் தொழில்நுட்பமும் ஒரு பாடமானது. அதில் எடுக்கும் புள்ளி பல்கலைக்கழக வாசலைத் திறக்கும். உள்ளே போனபின் ஒரு பாடத்தைக்கூடக் கழித்துத் தராது.

கேட்டதற்குக் கிட்ட வருவது 2017இல் தொடங்கிய 13 வருட உறுதிக் கல்வி. சாதாரண தரத்தில் கணிதம் காலை வாரினாலும் 12ஆம் தரத்துக்குப் போகலாம். முதலில் பாடசாலையில் பொதுப்பாடங்கள், பிறகு பயிற்சி நிலையத்தில் கைத்தொழில். முடிவில் தேசிய தொழில் தகைமை 4ஆம் மட்டம். அங்கிருந்து 5, 6 டிப்ளோமா; 7ஆம் மட்டம் பட்டம். அதற்கென்றே இரத்மலானையில் ஒரு பல்கலைக்கழகமும் இருக்கிறது.

வெங்காயத் தோட்டத்து வாட்டர் பம்பைக் கழற்றிப் போட்டுத் திட்டு வாங்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அதிபரிடம் விசாரிக்கலாம். திரும்பப் பூட்டத் தெரியுமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளவும்!